பானெட் ஸ்பிரிங் மாட்டுற லிவர் டூல் செட்: கழட்ட அருமை, மாட்ட சுமார்

வாங்கலாமா வேண்டாமான்னு மட்டும் தெரிஞ்சுக்க வந்தவங்களுக்கு நேரா சொல்லிடுறேன். பழைய ஸ்பிரிங்க கழட்டத்தான்னா இந்த லிவர் டூல தாராளமா வாங்குங்க. விறைப்பான புது ஸ்பிரிங்க மாட்டணும்னா இத மட்டும் நம்பி இறங்காதீங்க, கூட ஒரு டப்பா வாஷரும், சாமான இறுக்கிப் பிடிக்கிற ஒரு நல்ல வைஸும் ரெடியா இருக்கட்டும். செட்ல டூலோட சேர்ந்து வர்ற புது ஸ்பிரிங் ஜோடி இருக்கே, அத பத்தி எனக்கு பெரிய புகாரே இருக்கு, கீழ வர்றேன்.

வண்டி 1966 மஸ்டாங். ஆனா நான் சொல்றதுல பெரும்பகுதி அந்த காலத்து செவெல், கமாரோ மாதிரி வண்டி வச்சிருக்கவங்களுக்கும் பொருந்தும். இந்த வண்டிங்கள்ல பானெட்ட தூக்கி நிறுத்துறது கேஸ் ஸ்ட்ரட்டும் இல்ல, முட்டுக் கம்பியும் இல்ல. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ள உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்குற தடுப்புத் தகடு) ஓரமா ரெண்டு பக்கமும் ஒரு ஹிஞ்ச், அதாவது கீல், ஒவ்வொரு ஹிஞ்ச்லயும் ஒரு தடிமனான இழுவை ஸ்பிரிங், ரெண்டு முனையிலயும் கொக்கி, அந்த கொக்கி ஹிஞ்ச்ல இருக்குற முளைல மாட்டியிருக்கும், அவ்வளவுதான் மொத்த அமைப்பும். பார்க்க சிம்பிளா இருக்கும், கைய வச்சாதான் தெரியும்.

பலர் தலைகீழா நினைக்கிற ஒரு விஷயம் இருக்கு. பானெட் மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் முழுசா இழுபட்டு நிக்குது, திறக்க திறக்க அது சுருங்குது, அந்த சுருங்குற வேகத்துலதான் அவ்வளவு கனமான இரும்பு பானெட்ட ஒரு கையில தூக்க முடியுது. அதனால ஸ்பிரிங்ல எந்த வேலை பார்த்தாலும் பானெட்ட முழுசா திறந்து வச்சுத்தான் பார்க்கணும், அப்பத்தான் இழுப்பு இருக்கறதுலயே குறைச்சலா இருக்கும். குறைச்சல்னா தளர்வா இருக்கும்னு அர்த்தம் இல்ல, முழுசா திறந்திருந்தாலும் கையால இழுத்து எடுக்க முடியாத அளவுக்கு இறுக்கம் மிச்சம் இருக்கும், அதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க.

காரணம் இருக்கு. எவ்வளவு இழுக்கறோமோ அவ்வளவு எதிர்ப்புன்னு ராபர்ட் ஹூக் 1678லயே எழுதி வச்சிட்டாரு, ஆனா இந்த மாதிரி சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சுத்தின ஸ்பிரிங்ல அதுக்கு மேல ஒரு சங்கதி உண்டு. சுத்தும்போதே கம்பிய முறுக்கி சுருளுக்கு சுருள் அழுத்தம் குடுத்துத்தான் சுத்துவாங்க, அந்த அழுத்தத்த தாண்டுற வரைக்கும் சுருள் துளிகூட பிரியாது. நீங்க தம் கட்டி இழுப்பீங்க, ஒண்ணும் நடக்காது, இன்னும் கொஞ்சம், அப்பவும் ஒண்ணும் நடக்காது, திடீர்னு பிரியும், அந்த நொடியில உங்க கை எங்க இருக்கு, முகம் எங்க இருக்குங்கறதுதான் கேள்வி. ஸ்க்ரூ டிரைவரால நெம்பி மாட்டிடலாம்னு இறங்குறவங்களுக்கு பல்லு, கண்ணு, ஃபெண்டர் பெயிண்ட், முன் கண்ணாடின்னு ஏதாவது ஒண்ணு போறது இந்த நொடியிலதான்.

இப்ப டூல். ஒண்ணரை அடிக்கு கொஞ்சம் கூடுதலான உருட்டுக் கம்பி, ஒரு முனையில குறுக்குக் கைப்பிடி, இன்னொரு முனைய தட்டி வளைச்சு ரெண்டு வேலைக்கு ஏத்த மாதிரி பண்ணியிருக்காங்க. ஒரு பக்கம் ஸ்பிரிங் கொக்கிய பிடிச்சு இழுக்க ஒரு வெட்டு, மறுபக்கம் ஹிஞ்ச் முளை மேல உக்கார ஒரு சின்ன குழி. டிரம் பிரேக் வேலை பார்த்தவங்களுக்கு இந்த அமைப்பு பழகினதுதான், அங்க ஷூ ஸ்பிரிங்குக்கு இருக்குற டூலோட பெரிய அண்ணன் இது. கம்பி வளையல, அத நிச்சயமா சொல்லணும், நல்ல எஃகு. நான் முழு எடையையும் போட்டு தொங்கியும் நேராவே இருந்துச்சு.

ஆனா ஃபினிஷிங் மோசம். அந்த வெட்டோட விளிம்புல பிசிறு அப்படியே இருக்கு, விரல வச்சு தடவினா தோல் கிழியும். இது உங்க விரலுக்கு மட்டும் பிரச்சனை இல்ல, ஸ்பிரிங் கம்பி மேல விழுற ஒவ்வொரு கீறலும் பின்னாடி விரிசல் ஆரம்பிக்கிற இடம். அதிக இழுப்புல இருந்துட்டு தினமும் திறந்து மூடுற ஸ்பிரிங்ல மேற்பரப்புதான் உயிர்நிலை, அங்க ஒரு நகக்கீறல் அளவு வெட்டு விழுந்தா உடையும்போது கரெக்டா அங்கதான் உடையும். இதே காரணத்துக்காகத்தான் பிளையர், வைஸ் கிரிப் எதையும் ஸ்பிரிங் கம்பி மேல நேரா கடிக்க விடக்கூடாதுன்னு சொல்றது. டூல் கைக்கு வந்ததும் முதல் வேலையா அரத்தால பிசிற தேய்ச்சு, எமரி ஷீட்ட போட்டு வழவழன்னு ஆக்கிடுங்க. செய்யறவன் செஞ்சு அனுப்பியிருக்க வேண்டிய வேலை, நம்ம தலையில கட்டியிருக்கான். கைப்பிடி மேல மாட்டியிருக்குற ரப்பர் உறை வேற கழண்டு சுத்துது, நான் அத உருவி தூக்கி போட்டுட்டு சைக்கிள் டியூப் துண்ட இறுக்கமா சுத்திட்டேன். கூட வர்ற தாள்ல ஒரே ஒரு படம், அதுவும் ஹிஞ்ச் எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னே தெரியல.

கழட்டுற வேலைக்கு வருவோம். பானெட்ட முழுசா திறந்து, கீழ ஒரு மரக்கட்டைய முட்டு குடுத்து, அதுக்கு மேல கூட ஒரு ஆளயும் பிடிக்க வச்சிக்கங்க. ஸ்பிரிங் அடிக்கும்ங்கற பயத்துல எல்லாரும் ஸ்பிரிங்கையே பார்த்துட்டு இருப்பாங்க, ஆனா ஸ்பிரிங் கழண்ட உடனே பானெட்ட தாங்க எதுவுமே இல்ல, அது பாட்டுக்கு மேல வந்து இறங்கும், அதுதான் நிஜமான ஆபத்து. அப்புறம் ஒரு நைலான் கயித்த ஸ்பிரிங் சுருளுக்குள்ள நுழைச்சு தளர்வா உள் ஃபெண்டர் பக்கம் எதுலயாவது கட்டி விடுங்க, கொக்கி நழுவி பறந்தாலும் கயிறு நீளத்துக்குத்தான் பறக்கும். ஃபெண்டர் மேலயும் கண்ணாடிக்கு கீழ இருக்குற தகடு மேலயும் தடிமனான போர்வை. கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு தோல் கிளவுஸ், இதெல்லாம் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

இந்த வேலையில டூல் ஜோரா இருக்கு. வெட்ட கொக்கியில போட்டு, கம்பிய உடம்புக்கு நேரா இழுக்காம பக்கவாட்டுல நின்னு நெம்பினா, கொக்கி முளைய விட்டு மெதுவா மேல ஏறுது, ஏறி வந்ததும் கம்பியோட நீளத்தால அந்த இழுப்ப அப்படியே தாங்கி நிதானமா விடலாம். இந்த டூலுக்கு நான் காசு குடுக்கறது இழுக்கற பலத்துக்காக இல்ல, விடுற நிதானத்துக்காக. ஸ்க்ரூ டிரைவர்ல இழுத்து எடுத்துடலாம், ஆனா விடும்போது அது உங்க கட்டுப்பாட்டுல இருக்காது. ஒரு பக்கம் கழட்டினதும் அப்படியே பானெட்ட மூடிப் பார்க்கலாமேன்னு மட்டும் தோணவே கூடாது, ஒரு பக்கம் ஸ்பிரிங் இருந்து மறுபக்கம் இல்லாம இறக்கினா பானெட் முறுக்கிக்கும், அப்புறம் டிங்கரிங் ஆளத் தேடி அலையணும். கூட பிடிச்சுட்டு இருந்த தம்பி, "அண்ணே, கை வலிக்குது, லேசா இறக்கிக்கவா"ன்னு கேட்டான். இறக்கினா நீதான்டா புது பானெட் வாங்கித் தரணும்னு சொன்னதும் கை வலி போயிடுச்சு.

ஹிஞ்ச்சையும் கழட்டப் போறீங்கன்னா, போல்ட்ட தொடுறதுக்கு முன்னாடி பானெட் மேல ஹிஞ்ச் உக்கார்ந்திருக்குற விளிம்ப சுத்தி பென்சிலால கோடு போட்டுக்கங்க, இல்லன்னா மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. இல்லாட்டி மறுபடி இடைவெளி சரி பண்ணவே ஒரு நாள் போயிடும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. பானெட் விறைப்பா இருக்குன்னு ஸ்பிரிங்க திட்டுற முக்கால்வாசி பேரோட வண்டியில குத்தவாளி ஸ்பிரிங் இல்ல, ஹிஞ்ச்தான். ஸ்பிரிங் இல்லாம ஹிஞ்ச்ச கையில எடுத்து மடக்கி விரிச்சு பாருங்க. ஒரு விரல் பலத்துல அசையணும். அசையாம முனகிட்டு நின்னா அந்த ரிவெட் மூட்டுங்கள்ல பல வருஷத்து அழுக்கும் காஞ்ச கிரீஸும் துருவும் சேர்ந்து இறுகியிருக்குன்னு அர்த்தம். மண்ணெண்ணெயில ஊற வச்சு, பிரஷ் போட்டு தேய்ச்சு, ஊடுருவுற ஆயில் விட்டு, அசைச்சுக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல சுத்தமா விட்டுக் குடுக்கும், அதுக்கப்புறம் கிரீஸ். இத பண்ணாம இறுகின ஹிஞ்ச் மேல புது ஸ்பிரிங்க மாட்டி பானெட்ட அமுக்கி மூடினா என்ன ஆகும்? ஹிஞ்ச் மடங்காது, பானெட் மடங்கும். பின்பக்கம் ஹிஞ்ச் போல்ட் முடியுற இடத்துக்கு கொஞ்சம் முன்னாடி குறுக்கா ஒரு மடிப்பு விழும், இந்த காலகட்டத்து வண்டிங்கள்ல நிறைய பானெட்ல அந்த மடிப்ப பார்க்கலாம், பெயிண்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க, சாய்வா வெளிச்சம் படும்போது காட்டிக் குடுத்துடும். எதிர்ப்பக்கமும் உண்டு, ரிவெட் ரொம்ப தேஞ்சு ஆடிச்சுன்னா மூடினப்புறம் பானெட்டோட பின் விளிம்பு மட்டும் தூக்கிட்டு நிக்கும், அதுக்கு கிரீஸ் போட்டு பிரயோஜனம் இல்ல, ஹிஞ்ச்சயே மாத்தணும்.

சரி, செட்ல வந்த புது ஸ்பிரிங். பேக்கெட்ட பிரிச்சதும் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன், நீளம் ஒண்ணு, சுருள் விட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா கம்பி தடிமனா தெரிஞ்சுது. வெர்னியர் (தடிமன துல்லியமா அளக்குற அளவுகோல்) போட்டு பார்த்தா நிஜமாவே தடிமன் கூடுதல். கொஞ்சூண்டு தானேன்னு விட முடியாது, ஏன்னா ஸ்பிரிங்கோட விறைப்பு கம்பி விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும். 10 சதவீதம் தடிமன் கூடினா விறைப்பு 46 சதவீதம் கூடிடும், 5 சதவீதம் கூடினாலே கிட்டத்தட்ட 22 சதவீதம். கண்ணுக்கு தெரியாத வித்தியாசம், கைக்கு தெரியும். புது ஸ்பிரிங் போட்டேன், பானெட் மூடவே மாட்டேங்குதுன்னு புலம்புறவங்க முதல்ல வெர்னியர எடுங்க. இந்த செட்ட வித்தவங்க உங்க வண்டிக்கு அப்படியே பொருந்தும்னு அட்டையில பெருசா போட்டிருக்காங்க. மாட்ட முடியும், அந்த அர்த்தத்துல பொருந்தும்தான்.

விறைப்பு ஜாஸ்தியா இருக்கேன்னு ஒரு சுருள வெட்டிடலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க. சுருள் எண்ணிக்கை குறைஞ்சா ஸ்பிரிங் இன்னும் விறைப்பாத்தான் ஆகும், கூடவே நீளமும் குறைஞ்சு இன்னும் அதிகமா இழுத்து மாட்டணும், ரெண்டு பக்கமும் அடி. கேஸ் டார்ச்ல சூடு காட்டி இளக வைக்கிறதும் அப்படித்தான், சூடு பட்ட இடத்துல எஃகோட பதம் போயிடும், அங்க மட்டும் நீண்டுட்டு மத்த இடம் பழையபடி நிக்கும்.

புது ஸ்பிரிங்க இந்த டூலால மாட்டிப் பார்த்த கதை. கீழ் கொக்கிய முளைல மாட்டிட்டு, டூல் குழிய மேல் முளை மேல வச்சு, மேல் கொக்கி டூல் கம்பி மேல சவாரி பண்ணுற மாதிரி போட்டு, கைப்பிடிய தூக்கினா கொக்கி வழுக்கிட்டு வந்து முளைல விழணும், அதுதான் கணக்கு. பழைய ஸ்பிரிங்ல இது நடக்குது. புதுசுல நான் சொன்ன அந்த ஆரம்ப இறுக்கமே டூலோட நெம்பு பலத்துல பெரும்பகுதிய சாப்பிட்டுடுது, கொக்கி பாதி தூரம் வந்து நிக்குது, அந்த நேரம் குழி முளை மேல ஒரு பக்கமா சறுக்க ஆரம்பிக்குது. குழி ஆழம் பத்தல, இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் ஆழமா போட்டிருந்தா இந்த ரிவியூவே வேற மாதிரி இருந்திருக்கும். சறுக்கறது தெரிஞ்சதும் இறக்கி வச்சிட்டேன், அதுக்கு மேல அடம் பிடிக்கிறது வீரம் இல்ல.

அப்புறம் நம்ம வாஷர் வைத்தியம்தான். தெரியாதவங்களுக்காக: ஸ்பிரிங்கோட சுருள் இடைவெளிகள்ல தட்டையான வாஷர் ஒவ்வொண்ணா சொருகி, ஸ்பிரிங்க முன்கூட்டியே நீளமாக்கிடறது. நீளமான ஸ்பிரிங் கையாலயே முளைல உக்காரும். கணக்கு லேசுதான், ஸ்பிரிங் 30 மி.மீ. நீளணும்னா 1.5 மி.மீ. வாஷர் 20 இடைவெளியில போனா போதும். எப்படி சொருகறதுன்னா, வைஸோட தாடைக்கு நடுவுல மரத்துண்டு வச்சு ஒரு கொக்கிய பிடிச்சிட்டு, மறுமுனைல ஒரு நீளமான குழாய நுழைச்சு ஸ்பிரிங்க பக்கவாட்டுல வளைங்க. வளைச்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுருள் வாயைத் திறக்கும், அதுல வாஷர் ஒவ்வொண்ணா. அப்புறம் திருப்பி மறுபக்கம். ஒரு பக்கம் மட்டும் சொருகிட்டு விட்டா ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு நிக்கும், கொக்கி ரெண்டும் கோணிட்டு முளைக்கு நேரா வராது. வாஷர சொருகும்போது விரல் நுனி சுருளுக்கு நடுவுல போகவே கூடாது, நீள மூக்கு பிளையர்ல வாஷர பிடிச்சு சொருகுங்க. வளைச்ச ஸ்பிரிங்க விட்டதும் அது வாஷர கடிக்கிற சத்தம் ஒண்ணு வரும் பாருங்க, டக்குனு, அந்த சத்தத்த கேட்டப்புறம் விரல வைக்கணும்னு யாருக்கும் தோணாது.

எல்லாம் சொருகினப்புறம் ஸ்பிரிங்க ஹிஞ்ச்ல வச்சா ரெண்டு கொக்கியும் சத்தமே இல்லாம முளைல உக்காருது. டூலே தேவைப்படல. ரெண்டு பக்கமும் மாட்டினதும் பானெட்ட மெதுவா இறக்கினா ஸ்பிரிங் இன்னும் நீளும், கடிச்சிட்டு இருந்த வாஷர் தளர்ந்து பொலபொலன்னு விழும். கீழ துணி விரிச்சு வைங்க, சொருகும்போதே எத்தனைன்னு எண்ணி எழுதி வைங்க, விழுந்ததையும் எண்ணுங்க, ஒண்ணு குறைஞ்சாலும் காந்தக் குச்சிய விட்டு தேடி எடுக்காம இன்ஜின ஸ்டார்ட் பண்ணாதீங்க. கார்புரேட்டர் பக்கத்துல ஆக்சிலேட்டர் லிங்கேஜ்ல போய் ஒரு வாஷர் உக்கார்ந்துச்சுன்னா மிதிச்ச பெடல் திரும்பி வராது. முழுசா மூடாதீங்க, பாதி இறக்கி, விழாம மாட்டிட்டு இருக்கற வாஷர பிளையர்ல எடுத்துட்டு, திறந்து ஒரு தடவை பார்த்துட்டு, அப்புறம்தான் மூடறது.

மாட்டினது சரியான்னு பார்க்க எனக்கு ஒரு அளவுகோல் இருக்கு, பானெட் பாதிக்கு மேல எங்க விட்டாலும் அங்கயே நிக்கணும், கீழ இறக்கும்போது ஒரு கை அழுத்தத்துல முனகாம வரணும், மூடினப்புறம் பின் விளிம்பு கண்ணாடி பக்கத்து தகடோட சமமா இருக்கணும். செட்ல வந்த ஸ்பிரிங் முதல் பரிட்சையில ஃபர்ஸ்ட் கிளாஸ், ரெண்டாவதுலயும் மூணாவதுலயும் ஃபெயில். ரெண்டு கையால அமுக்க வேண்டியிருக்கு, பின் விளிம்பு தூக்கிட்டு நிக்குது. ஃபைபர் பானெட் போட்டிருக்கவங்க இந்த ஸ்பிரிங் பக்கமே போகாதீங்க, இரும்பு பானெட்டுக்குன்னு பண்ணின ஒரிஜினல் ஸ்பிரிங்கே ஃபைபருக்கு ஜாஸ்தி, இது பின்பக்கத்த வில்லா வளைச்சுடும்.

ஸ்பிரிங் மேல பூச்சு பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா செட்ல வந்தது பளபளன்னு துத்தநாக பிளேட்டிங். ஷோவுக்கு அழகா இருக்கும். ஆனா இவ்வளவு பலமான எஃக ஆசிட்ல முக்கி பிளேட்டிங் பண்ணும்போது ஹைட்ரஜன் உள்ள புகுந்து இரும்ப நொறுங்குற பதத்துக்கு கொண்டு போயிடும், அத விரட்ட பிளேட்டிங் முடிஞ்ச கையோட 190 டிகிரிக்கு மேல பல மணி நேரம் அடுப்புல வைக்கணும். வச்சாங்களான்னு அட்டையில இல்ல, வித்தவங்கள கேட்டேன், அவங்ககிட்டயும் பதில் இல்ல. பழைய ஸ்பிரிங்குக்கு நீங்களே ஏதாவது பூசணும்னா பாஸ்பேட்டும் எண்ணெயும் போதும், மங்கலான கருஞ்சாம்பல் கலர்ல பழைய வண்டிக்கு அதுதான் எடுப்பாவும் இருக்கும். தடியா பெயிண்ட் அடிச்சா சுருளுக்கு சுருள் ஒட்டி, முதல் தடவை திறக்கும்போதே உரிஞ்சு விழும்.

கடைசியா நான் பண்ணினது, புது ஸ்பிரிங்க கழட்டி திருப்பி அனுப்பிட்டு, பழைய ஒரிஜினல் ஸ்பிரிங்க சுத்தம் பண்ணி, சுருளுக்கு சுருள் லென்ஸ் வச்சு விரிசல் இருக்கான்னு பார்த்து, அதையே மாட்டிட்டேன். ஹிஞ்ச் இளகினப்புறம் அந்த பழைய ஸ்பிரிங்குக்கே பானெட் ஒரு கையில ஏறுது, ஒரு கையில இறங்குது. புதுசு தேவையே இருக்கல.

மார்க்: டூலுக்கு 5க்கு மூணரை, பிசிறுக்கும் ஆழம் பத்தாத குழிக்கும் சேர்த்து ஒண்ணரை போச்சு. ஸ்பிரிங்குக்கு ஒண்ணு. செட்டா வாங்காதீங்க, டூல் தனியாவும் கிடைக்குது. ஒரே ஒரு வண்டி வச்சிருந்து, வாழ்நாள்ல ஒரு தடவைதான் கழட்டப் போறீங்கன்னா அதுவும் வேண்டாம், யாராவது வச்சிருந்தா இரவல் வாங்கிக்கங்க. ரெண்டு மூணு பழைய வண்டிங்கள மாத்தி மாத்தி பிரிக்கறவங்களுக்கு அலமாரில இருக்க வேண்டிய சாமான். ரிட்டர்ன் பண்றவங்களுக்கு ஒரு தகவல், கம்பி தடிமன் வித்தியாசத்த வெர்னியரோட ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, வெறுமனே விறைப்பா இருக்குன்னு எழுதினா மாட்டத் தெரியலன்னு பதில் வருது. ஃபோட்டோ போனதும் மறுபேச்சு இல்லாம பணத்த திருப்பிட்டாங்க, அனுப்பற கூலி மட்டும் நம்ம கணக்கு.